எருக்கு என்று எழுதிய பலகை

அந்தச் சனிக்கிழமை காலை பிள்ளைகள் ஒருவரும் சத்தம் போடவில்லை. ஒன்பது பிள்ளைகள் ஓரிடத்தில் நிற்கிறார்கள், ஒரு மூச்சும் இல்லை என்றால், ஒன்றில் யாருக்கோ இரத்தம் வந்திருக்க வேண்டும், இல்லையென்றால் யாரோ எதையோ உடைத்திருக்க வேண்டும். கையுறைகள் நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு நான் கோயில் மண்டபத்தின் பின்பக்கம் ஓடினேன்.

கனடாவில், மொன்ட்ரியால்-நோரில் எங்கள் மாதா கோயிலும் மண்டபமும் ஆற்றுக்குக் கிட்ட இருக்கின்றன. கோடையில் விடியற்புறம் ஆற்றிலிருந்து வெண்மூட்டமாகப் புகார் எழும்பி, கார் நிறுத்துகிற இடமெல்லாம் பரவி நிற்கும். அன்றும் அப்படித்தான். புகாருக்குள் ஒன்பது சின்ன முதுகுகள் தெரிந்தன. அவர்களை விலக்கிக்கொண்டு முன்னே போனேன்.

எங்கள் தோட்டத்தின் கிழக்கு ஓரத்தில் நின்ற பதினொரு செடிகள் வெட்டப்பட்டிருந்தன. எல்லாம் ஒரே உயரம். நிலத்திலிருந்து ஒரு சாண் விட்டு, நேரான வெட்டு. வெட்டிய தண்டுகளை வேலியோரம் ஒழுங்காக அடுக்கியும் வைத்திருந்தார்கள். இது முயலின் வேலை இல்லை.

“மதாம், பால்,” என்றாள் பிள்ளைகளோடு நின்ற மிஷெல்.

ஒன்பது தண்டுகளின் வெட்டுவாயில் ஈரமண் அப்பியிருந்தது. கடைசி இரண்டில் மட்டும் மண் இல்லை. அவற்றிலிருந்து வெள்ளைப் பால் துளித்துளியாக விழுந்துகொண்டிருந்தது. இந்தச் செடியின் பால் நாலைந்து நிமிடத்தில் உறைந்துவிடும். வெட்டியவர் எங்கள் காலடிச் சத்தம் கேட்டுத்தான் பாதியில் விட்டுப் போயிருக்கிறார்.

பக்கத்தில் ஒரு மஞ்சள் பேசின் இருந்தது. அதற்குள் இளம் இலைகளைப் பரப்பி, மேலே கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக வரி போட்ட புழுக்களை விட்டிருந்தார்கள். மிஷெல் எண்ணினாள். பதினான்கு. போன கிழமை இந்த ஓரத்தில் நாங்கள் எண்ணிக் கொப்பியில் எழுதியதும் பதினான்குதான். ஒன்றின் மேலும் ஒரு கீறல் இல்லை.

தோட்டத்தை நாசமாக்க வருகிறவன் புழுவைப் பொறுக்கி எடுத்து வைப்பானா? அதைவிட அந்த மண். எருக்கை வெட்டினால் உடனே மண்ணை அப்பு, பால் கண்ணில் தெறித்தால் கண் போய்விடும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்களுக்குத்தான் அந்தப் பழக்கம் இருக்கும். அப்படியென்றால் வந்தது எங்கள் ஆட்களில் ஒருவர்.

பெயர் வைக்கிற வியாதி

இந்தத் தொடரைப் புதிதாக வாசிப்பவர்களுக்கு என்னைப் பற்றி இரண்டு வரி. ஜான்-டலோன் சந்தையில் பூக்கன்று விற்கிற ஒரு கடையில் இருபது வருடமாக வேலை செய்கிறேன். படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. ஆனால் கன்றுகளோடு கிடந்து கிடந்து, இந்த நிலத்துக்குச் சொந்தமான செடி எது, வெளியூரிலிருந்து வந்து குடியேறியது எது என்று பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டேன். நானே வந்து குடியேறியவள்தான், அது வேறு கதை.

மண்டபத்தின் பின்னால் சும்மா புல் வெட்டிக்கொண்டிருந்த நீளத் துண்டு ஒன்று இருந்தது. அதைத் தாருங்கள், இந்த நாட்டுச் செடிகளை நட்டுப் பூச்சிக்கும் குருவிக்கும் ஒரு வீடு கட்டிக் காட்டுகிறேன் என்று பங்குச் சுவாமியாரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, “அப்படியே சனிக்கிழமையில உந்தப் பிள்ளையளையும் கொஞ்சம் மேய்ச்சு விடுங்கோ பிலோமினா,” என்றார். இப்படித்தான் நான் அவர்களுக்கு மதாம், அதாவது ரீச்சர், ஆனேன்.

இந்த நாட்டு விதைகள் பலவற்றுக்கு ஒரு குணம், குளிர் படாமல் முளைக்காது. முதல் மாரியில், பனி கொட்டுகிற காலத்தில், ஈரக் கடதாசியில் சுற்றி எங்கள் வீட்டு பிறிட்ஜில் வைத்தேன். “மீன் வைக்க இடமில்லை, புல்லுக்கு இடமிருக்கு,” என்று என் மனுசன் மூன்று மாதம் முணுமுணுத்தார். ஒருநாள் பெட்டியைத் திறந்தவர் திறந்தபடியே நின்றார். கடதாசியைத் துளைத்துக்கொண்டு வெள்ளை முளைகள் வெளியே நீண்டிருந்தன. அந்த இருட்டுக்குள், அந்தக் குளிருக்குள், யாரும் பார்க்காத நேரத்தில் அவை எழும்பியிருந்தன. அதன் பிறகு அவர் அந்தத் தட்டில் கை வைக்கவே இல்லை.

நட்ட ஒவ்வொரு செடிக்கும் ஒரு மரப்பலகை அடித்தோம். மேலே பிரெஞ்சுப் பெயர். கீழே தமிழ்ப் பெயர். தமிழ்ப் பெயர் எங்கேயிருந்து வந்தது என்று கேட்கிறீர்களா? நான்தான் வைத்தேன். மஞ்சளாக நீண்டு பூப்பதற்குப் பொன்கோல். ஊதாவாகப் பூப்பதற்கு ஊதாத்தாரகை. பிள்ளையைக் கூட்டிப்போக வருகிற தாய்மார் “இதுக்குத் தமிழில என்ன அக்கா?” என்று கேட்பார்கள். ‘தெரியாது’ என்ற சொல் என் வாயில் சுலபத்தில் வராது. சந்தேகம் இருந்தால் என் மனுசனைக் கேட்டுப்பாருங்கள், விளக்கமாகச் சொல்வார்.

பிரெஞ்சில் அஸ்கிளெப்பியாத் என்கிற செடி இரண்டு வருடமாகத் தமிழ்ப் பெயர் இல்லாமல் நின்றது. தடித்த இலை, உடைத்தால் பால், பந்து பந்தாக மணக்கிற பூ. செம்மஞ்சள் சிறகுள்ள மொனார்க் வண்ணத்துப்பூச்சி இதில் மட்டும்தான் முட்டையிடும். இது இல்லாவிட்டால் அதுவும் இல்லை. எனக்கு அந்த முகம் முதல் நாளே தெரிந்துவிட்டது. இலங்கையில் என் ஊரான மன்னாரில் மணல்வெளியெல்லாம் நிற்கிற எருக்கின் கிட்டின சொந்தம் இது. மூன்றாவது வருடம், ஜூன் மாதம், கறுப்பு மையை எடுத்துப் பெரிய எழுத்தில் எழுதினேன்: எருக்கு.

மொனார்க் என்றால் மன்னர், மன்னாராள் மன்னர் வளர்க்கிறாள் என்று எல்லோருக்கும் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக ஒரு பிழையை நான் செய்ததில்லை.

ஒரு சொல் செய்த வேலை

அடுத்த நாளே ஒரு தாய் தொலைபேசியில் வந்தாள். “பிலோ அக்கா, உங்களுக்கு என்ன விசரே? ஆராவது கோயில் வளவுக்குள்ள கொண்டந்து எருக்கு நடுவினமே?”

எங்கள் பக்கத்தில் கோபம் தலைக்கேறினால் ஒருவர் மற்றவரைப் பார்த்து “உன்ர வீட்டில எருக்கு முளைக்க” என்பார்கள். குடும்பம் அழிந்து, ஆளில்லாமல், வீடு பாழடைந்து போகட்டும் என்று அர்த்தம். அது வெறும் வசவாகவும் நிற்கவில்லை. நாட்டில் நடந்த சண்டை முடிந்த பிறகு ஊருக்குத் திரும்பிப் போனவர்கள் தங்கள் வீட்டு அறைக்குள் எருக்கு ஆளுயரத்துக்கு நின்றதைக் கண்ணால் கண்டு வந்தவர்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் இலையையும் பாலையும் பார்த்த என் புத்தி, ஆட்களின் முகத்தைப் பார்க்கவில்லை.

சிவன் கோயிலுக்குப் போகிற தமிழ்நாட்டு டாக்டர் ஒருவர் மட்டும், வண்ணத்துப்பூச்சிக்காகத் தன் மகளைக் கொண்டுவந்து விடுவார். “எருக்கு விசேஷமாச்சேம்மா, பிள்ளையாருக்கே மாலை கட்டிப் போடுவோம்,” என்றார். அவருடைய பிள்ளையார் எங்கள் தாய்மாரைச் சமாதானப்படுத்த வரவில்லை. பதினைந்து பிள்ளைகள் இரண்டு கிழமையில் ஒன்பதாகக் குறைந்தார்கள்.

அதற்கு அடுத்த கிழமைதான் நான் தொடக்கத்தில் சொன்ன அந்த முதல் வெட்டு. பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் நடந்தது. வெட்டுவாயில் மண், பேசினுக்குள் புழு. பிள்ளைகள் அந்த ஆளுக்குப் ‘பால் பேய்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் வைக்கிற வியாதி என்னிடமிருந்து தொற்றியிருக்க வேண்டும்.

ஒரு விஷயம் எனக்குப் பிந்தித்தான் பிடிபட்டது. பால் பேய் எல்லாச் செடியையும் வெட்டவில்லை. நடுவிலும் மேற்கிலும் நின்றவை அப்படியே பூத்துக் குலுங்கின. கிழக்கு ஓரத்தில், பக்கத்துக் கட்டடத்தை நோக்கிப் புதிதாகக் கிளம்பியவை மட்டும்தான் விழுந்தன. அதுவும் நாங்கள் நடாத இடத்தில், நடைபாதைக் கற்களின் இடுக்கில், ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் முளைத்தவை.

“மதாம், அது நடக்குது,” என்றாள் மிஷெல்.

“செடி நடக்காது.”

அவள் என்னைக் கூட்டிப்போய்த் தன் பாதத்தால் அளந்து காட்டினாள். போன கிழமை கடைசி முளையிலிருந்து சுவருக்குப் பன்னிரண்டு பாதம். இப்போது எட்டு. வேர்த்தண்டு மண்ணுக்குக் கீழே ஓடி, தூரத்தில் போய்த் தலையை நீட்டும் என்று விளங்கப்படுத்தினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்ப மண்ணுக்குக் கீழ நடக்குது,” என்றாள்.

மிஷெலுக்கு அப்போது பதினொரு வயது. அந்தப் பக்கத்துக் கட்டடத்தில், பாதி மண்ணுக்குள் இறங்கிய கீழ்வீட்டில்தான் அவள் குடும்பம். ஜன்னல்கள் நில மட்டத்தில் இருக்கும். உள்ளேயிருந்து பார்த்தால் போகிற ஆட்களின் சப்பாத்துகள்தான் தெரியும். தகப்பன் துறைமுகத்தில் கொள்கலன் இறக்குகிற வேலை. தாய் ஜெசிந்தா.

முந்தின மாரியில் ஜெசிந்தாவுக்கு ஏழாம் மாதத்தில் ஒரு பெண் குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. அடக்கத்துக்கு நானும் போனேன். பனிக்குள் ஒரு சின்னக் குழி. “பிள்ளைக்குப் பேர் என்ன?” என்று சுவாமியார் மெதுவாகக் கேட்டார். கணவன் ஜெசிந்தாவைப் பார்த்தார். அவள் தலையை இடம் வலமாக ஆட்டினாள். ‘இந்தக் குழந்தை’ என்று சொல்லியே சுவாமியார் செபித்து முடித்தார்.

அந்த வசந்தத்தில் அவள் எங்கள் தோட்டத்து மரவாங்கில் வந்து தனியாக உட்கார்ந்திருப்பாள். யாரோடும் கதைக்க மாட்டாள். எழும்பிப் போகும்போது போத்தலில் மிச்சமிருக்கிற தண்ணீரை அந்தப் பால்செடிக்குத்தான் ஊற்றுவாள். பலகை வந்த பிறகு அவள் வரவில்லை. அதையும் நான் கவனிக்கவில்லை.

மீன் வெட்டுகிற கத்தி

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, வெளிச்சம் வருகிறபோதே மண்டபத்துச் சமையலறைக்குள் போய், விளக்கைப் போடாமல், தேத்தண்ணியோடு ஜன்னலடியில் இருந்தேன். பால் பேயைப் பிடித்து நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று எனக்குள் ஒரு வீறாப்பு.

புகாருக்குள் ஒரு வெள்ளைச் சட்டை வந்தது. உண்மையிலேயே பேய்தானோ என்று ஒரு கணம் நினைத்தேன், அதை ஒளிப்பானேன். பிறகு மஞ்சள் பேசினைக் கண்டேன். இரவுச் சட்டையோடு ஜெசிந்தா.

அவள் குந்தியிருந்து இலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். புழுவைக் கண்டால் இலையோடு கிள்ளிப் பேசினுக்குள் வைத்தாள். “போ ராசா, போ,” என்று அதனோடு கதைப்பது கேட்டது. பிறகு மீன் வெட்டுகிற கத்தியால் ஒரே வெட்டு. உடனே ஒரு பிடி மண். அடுத்தது. அடுத்தது. கோபத்தோடு வெட்டுகிற ஆள் அப்படி வெட்டாது.

நான் வெளியே போனேன். “ஜெசி.”

அவள் திடுக்கிடவில்லை. “இது என்ர வீட்டை வருது அக்கா,” என்றாள்.

“பிள்ளை, இது எருக்கில்லை. எருக்கின்ர சொந்தம், அவ்வளவுதான். நான் சும்மா...”

“நீங்கள்தானே எழுதி வைச்சனீங்கள். பலகை அடிச்சு, பெரிய எழுத்தில. அதுக்கு முதல் இது எனக்கு ஒண்டும் செய்யேல்லை. நான் தண்ணியும் ஊத்தினனான்.”

பிறகு மண் படிந்த கையை வயிற்றில் வைத்தாள். எனக்கு விளங்கியது.

“மூண்டு மாசம். இவருக்கும் மிஷெலுக்கும்தான் தெரியும்,” என்றாள்.

“வெட்ட வெட்ட இது இன்னும் கூடத்தான் கிளம்பும் ஜெசி. மேல வெட்டினால் கீழ ஓடும்.”

“அப்ப நீங்கள் நிப்பாட்டுங்கோ. நீங்கள்தானே கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்.” அவளுடைய குரல் உயரவே இல்லை. “இந்தப் பிள்ளைக்கும் ஏதும் நடந்தால், அக்கா, நான் உங்களை மன்னிக்க மாட்டன். ஆண்டவரே வந்து மன்னிக்கச் சொன்னாலும் மாட்டன்.”

கண்டதைக் கண்டபடி

அன்றே பலகையைக் கழற்றினேன். கழற்றி என்ன, எல்லோரும் அதை எருக்கு என்றுதான் சொன்னார்கள். டாக்டரின் மகள்கூட.

அடுத்த சனிக்கிழமை பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு, கிழக்கு ஓரம் நெடுக முழங்கால் ஆழத்துக்குக் கிடங்கு வெட்டினோம். அதற்குள் தடித்த பிளாஸ்டிக் தகட்டை நிறுத்திவிட்டால் வேர் தாண்டாது என்று கணக்கு. பிள்ளைகளுக்கு அது ஒரு பாடமும் ஆயிற்று. வேர்த்தண்டு வெளிப்பட்டபோது எல்லோரும் சுற்றி வந்து பார்த்தார்கள். ஒரு விரல் பருமன், வெள்ளை நிறம், கணுவுக்குக் கணு இளஞ்சிவப்பு மொட்டு. அது கிடங்கைக் கடந்து ஏற்கெனவே அந்தப் பக்கம் போயிருந்தது.

மற்றவர்களைத் தகடு பிடிக்க விட்டுவிட்டு, நானும் மிஷெலும் ஒரு நடைபாதைக் கல்லைப் புரட்டினோம். கீழே வேர். அடுத்த கல்லைப் புரட்டினோம். அங்கேயும் வேர், எங்கும் வளையாமல், நேராக. மூன்றாவது கல்லுக்குப் பிறகு சுவரோரச் சீமெந்து. வேர் அதற்கு அடியில் நுழைந்து போயிருந்தது. மேலே ஜெசிந்தாவின் படுக்கையறை ஜன்னல். அந்தச் சீமெந்தை உடைக்க எனக்கு உரிமை இல்லை. கிடங்கோரம் வேரை வெட்டினாலும், அந்தப் பக்கம் கிடக்கிற துண்டு தானாகவே பிழைத்துக்கொள்ளும்.

ஜன்னல் திறந்தது. எங்கள் கணுக்காலடியில் அவளுடைய முகம்.

“அக்கா, வருதோ?”

“இல்லை ஜெசி,” என்றேன். “இஞ்சயோட நிண்டிட்டுது.”

ஜன்னல் மூடியது. மிஷெல் என்னைப் பார்த்தாள். பிறகு கையால் மண்ணைத் தள்ளி வேரை மூடினாள். கல்லைத் திரும்பப் போட நானும் உதவி செய்தேன்.

எங்கள் கொப்பிகளின் முதல் பக்கத்தில் நானே எழுதிக்கொடுத்த சட்டம் ஒன்று இருக்கிறது. கண்டதைக் கண்டபடி எழுத வேண்டும், காணாததை எழுதக்கூடாது. அன்று கொப்பிகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மிஷெல் திகதியை மட்டும் போட்டு மிச்சப் பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

பனிக்குக் கீழே

அக்டோபரில் செடியெல்லாம் காய்ந்து பழுப்பாக நின்றது. ஏன் இதைப் பிடுங்கக்கூடாது என்பது அந்த மாதப் பாடம். தண்டுக்குள் சின்னத் தேனீக்கள் ஒதுங்கியிருக்கும், சருகுக்குள் பூச்சிக் கூடுகள் இருக்கும் என்று சொன்னேன். “மேலே பார்த்தால் செத்த மாதிரித்தான் இருக்கும். கீழே உயிரோடதான் இருக்கு,” என்றேன். வருடாவருடம் சொல்கிற வசனம்தான். மிஷெல் அதைக் கொப்பியில் எழுதினாள்.

காய்கள் வெடித்து வெள்ளைப் பஞ்சு பறந்தது. எந்தக் காற்று கொண்டுபோனதோ, அவ்வளவும் போய் ஜெசிந்தாவின் ஜன்னல் வலையில் ஒட்டிக்கொண்டது. துடைத்துவிடுவோம் என்று துணியோடு போய்க் குனிந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. துணியைக் கண்டதும் வேண்டாம் என்று கையைக் காட்டினாள். ஏன் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

பனி வந்தது. ஜனவரியில் அந்த ஜன்னலே மறைந்துவிட்டது. உள்ளே விளக்கு எரிகிறபோது பனிக்குவியல் மஞ்சளாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் நான் ‘சும்மா’ அந்தப் பக்கம் ஒரு நடை நடந்துவிட்டு வருவேன். அந்த மஞ்சள் தெரிந்தால்தான் எனக்கு மூச்சு வரும்.

“பயமோ?” என்று என் மனுசன் கேட்டார்.

“எனக்கென்ன பயம்? அது ஒரு செடி.”

அந்த மாரி முழுவதும் செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தியதை அவருக்கு நான் சொல்லவில்லை. இப்போது இதை வாசித்துத்தான் அறிவார்.

எனக்கு எருக்கில் நம்பிக்கை இல்லை. ஆனால் கீழே அது இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். நம்பாத ஒன்றுக்குப் பயப்படுவதைப் போலப் பொல்லாத பயம் வேறில்லை. நித்திரையில் அந்த வெள்ளை வேர் சீமெந்துக்கடியில் ஒரு கணு முன்னே போகும். நான் வியர்த்து எழும்புவேன்.

பெப்ரவரி முடிகிற நேரம், ஊரே நகர முடியாத ஒரு பனிப்புயலில் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. சுகம். செய்தி வந்தபோது நான் கடையின் பின்னறையில் நாற்றுத் தட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். அப்படியே நிலத்தில் குந்தியிருந்து அழுதேன். பிள்ளை பெற்றவளின் பத்தியக் கறிக்கென்று சரக்குத்தூள் இடித்துக்கொண்டுபோய்க் கொடுத்தேன், பிள்ளையை மடியில் வைத்துப் பார்த்தேன். அந்த ஜன்னலை மட்டும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

வைக்காத பெயர்

மே மாதம், முதல் வகுப்பன்று மிஷெல் வந்து, “அம்மா உங்களைக் கூப்பிடுறா,” என்றாள்.

படுக்கையறைக்குள் போனேன். கட்டில் ஜன்னலோடு ஒட்டிக் கிடந்தது. பிள்ளை மல்லாந்து படுத்திருந்தது. அதன் கண் போன திசையில் நானும் பார்த்தேன். கண்ணாடிக்கு வெளியே, சீமெந்து வெடிப்பிலிருந்து ஐந்து முளைகள். இலைகளைக் கைகூப்பியதுபோல மேல்நோக்கி மூடிக்கொண்டு, கண்ணாடியோடு சாய்ந்து நின்றன. வெளியே காற்றில்லை. நடுவில் நின்றது மட்டும் லேசாக ஆடியது.

“ஜெசி, நான் அண்டைக்கு உனக்குப் பொய் சொன்னனான்.”

“தெரியும். அண்டைக்குப் பின்னேரமே மிஷெல் சொல்லிட்டாள். அவளுக்கு மறைக்க வராது.”

“பேந்து ஏன் என்னட்டக் கேக்கேல்லை?”

“கேட்டா என்ன செய்வியள்? வீட்டை இடிப்பியளே?” அவள் சிரித்தாள். நான் அவளுடைய சிரிப்பைக் கண்டு ஒன்றரை வருடம் இருக்கும். “முதல் ரெண்டு மாசம் பயத்தில செத்தன் அக்கா. கட்டிலுக்குக் கீழ நிக்குது, நிக்குது எண்டு நித்திரையே இல்லை. பேந்து ஒருநாள் மிஷெல் கொப்பியை வாசிச்சாள். மேல செத்தமாதிரி இருந்தாலும் கீழ உயிரோடதான் இருக்காம், மதாம் சொன்னவா எண்டு.”

அவள் பிள்ளையின் காலைத் தடவினாள்.

“அண்டையிலயிருந்து அதோட கதைக்கத் துவங்கினன். எருக்கு எண்டு கூப்பிட ஏலாதுதானே. ஒரு பேர் சொல்லிக் கூப்பிட்டன். சுவாமியார் கேக்கேக்க நான் சொல்லாமல் விட்ட பேர்.”

நான் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

“மாரி முழுக்க அந்தப் பேரைச் சொல்லிப்போட்டுத்தான் படுத்தனான். தங்கச்சி வாறா, இடம் விட்டுக்கொடு எண்டு சொன்னனான்,” என்றாள் ஜெசிந்தா. “விட்டுத்தான் தந்தது.”

அவள் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டாள். பிறகு, “மற்ற எல்லாத்துக்கும் பலகை இருக்கு அக்கா. இதுக்கும் ஒண்டு அடிச்சுத் தாங்கோ,” என்றாள்.

“என்ன பேர் எழுதட்டும்?”

அவள் தலையை இடம் வலமாக ஆட்டினாள். அந்தப் பனிக்குழிக்கு முன்னால் ஆட்டிய அதே ஆட்டம்.

அந்தப் பலகை இன்றைக்கும் அந்தச் சுவரோரம் நிற்கிறது. தேய்த்து, எண்ணெய் பூசி, ஒன்றும் எழுதாமல் நட்டேன். விட்டுப்போன பிள்ளைகள் திரும்பி வந்தார்கள், புதுப் பிள்ளைகளும் வருகிறார்கள். ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் அதற்கு முன்னால் நின்று, “மதாம், இதுக்குத் தமிழில என்ன பேர்?” என்று கேட்பார்கள். தெரியாது என்று சொல்கிறேன். இப்போது அந்தச் சொல் எனக்குச் சுலபமாக வருகிறது.

ஜெசிந்தாவின் சின்னவள் மட்டும் கேட்பதில்லை. அவளுக்கு மூன்று வயதாகிறது. பலகைக்கு முன்னால் குந்தியிருந்து ஏதோ கதைத்துக்கொண்டிருப்பாள். பழைய கதை எதையும் அவளுக்கு இன்னும் சொல்லவில்லை என்றுதான் ஜெசிந்தா எனக்குச் சொல்லியிருந்தாள்.

போன சனிக்கிழமை நானும் மிஷெலும் அவளுக்குப் பின்னால் போய் நின்றோம். நான் குனிந்து, “ஆரோடயம்மா கதைக்கிறாய்?” என்று கேட்டேன்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“மற்ற அக்காவோட,” என்றாள்.